கனத்த சுவர் உள்ள அறை

குடும்ப நீதிமன்றத்தில் எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்த அம்மாளுக்கு எங்கள் விஷயம் பிடிபடவே இல்லை. அடி உதை கிடையாது, குடி கிடையாது, வேறு ஆள் கிடையாது. பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டு விவாகரத்துக்கு மனுக் கொடுத்திருந்தோம். "நிங்ஙள் தம்மில் வழக்கொந்நும் இல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். உங்களுக்குள் சண்டையே இல்லையா என்று. நானும் என் கணவரும் ஒரே சமயத்தில் இல்லை என்று தலையாட்டினோம். அந்த அம்மாள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

சட்டப்படி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு முறையாவது நீங்கள் இருவரும் தனியாக எங்காவது போய் வாருங்கள் என்றார். கோயில் வேண்டாம், சொந்தக்காரர் வீடு வேண்டாம். நல்ல ஹோட்டலாகப் பார்த்து இரண்டு நாள் தங்குங்கள், பேசுங்கள். பிரிவதானாலும் பேசிவிட்டுப் பிரியுங்கள்.

கரமனையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கணவர் கேட்டார். "அப்பாவை விட்டுட்டு நாம எங்கே போறது?"

என் மாமனாருக்கு ஏழு வருடமாக ஒரு பக்கம் கை கால் வராது. பகலும் இரவும் ஒரு ஹோம் நர்ஸ் உண்டு. ஆனாலும் ஏதாவது என்றால் அரை மணியில் வந்து நிற்க வேண்டும்.

"இங்கேயே போலாமே. திருவனந்தபுரத்துலே ஹோட்டலா இல்லை?" என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். பக்கத்து வீட்டு மாமி கடுகு தாளித்தால் எங்களுக்குக் கேட்கும், அவர் பேரன் மூக்கு உறிஞ்சினால் கேட்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், நான் ஏதோ சொல்லிச் சிரித்தபோது என் கணவர் உதட்டில் விரலை வைத்துச் சுவரைக் காட்டினார். அன்றிலிருந்து நாங்கள் தணிந்த குரலில்தான் பேசினோம். கோபம் வந்தாலும் தணிந்த குரல்தான். கிசுகிசுத்துக்கொண்டு சண்டை போட முடியாது. நாலு வாக்கியத்துக்குள் மூச்சு வாங்கி, போகட்டும் என்று ஆகிவிடும். அப்படிப் போகட்டும் என்று விட்டவைதான் எங்களுக்குள் மிச்சம்.

அவர் குடிநீர் வேலையில் இருக்கும் அரசுப் பொறியாளர். எதை எடுத்தாலும் வேலையாகச் செய்கிறவர். அன்று சாயங்காலமே லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்துக்கொண்டு, "இங்கே வா, செத்தே பாரு" என்றார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்து வந்த இரண்டு வாரங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். மாமனாருக்குக் கஞ்சி கொடுத்து முடிந்ததும் மேஜைக்கு வந்துவிடுவோம். நான் ஜன்னலையும் வெளிச்சத்தையும் பார்ப்பேன். திரைச்சீலை என்ன நிறம், படுக்கையிலிருந்து மரம் தெரியுமா. அவர் குளியலறைப் படங்களைப் பெரிதாக்கி, குழாய் போகும் விதத்தைப் பார்த்து, "இந்த பாத்ரூம்லே வெள்ளம் கட்டி நிக்கும், நான் எழுதித் தறேன்" என்பார். தங்கிப் போனவர்கள் எழுதியிருந்த அபிப்பிராயங்களை ஒன்று விடாமல் படித்தோம். ஒருவர், எல்லாம் அருமை, ஆனால் குளிக்கும் தொட்டியில் ஒரு பல்லி இரண்டு நாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில், முன்னறையிலிருந்து மாமனார் குழறலாக, "என்ன அங்கே?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைப்பா" என்று அவர் வழக்கம்போலக் குரலைத் தணித்துக்கொண்டார். ஆனால் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தை நம்பக்கூடாது, நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இரண்டு சனிக்கிழமை கிளம்பினோம். அமெரிக்காவிலிருந்து வரும் உறவுக்காரத் தம்பதிக்கு அறை பார்க்கிறோம் என்று எல்லா இடத்திலும் ஒரே பொய்யைச் சொன்னோம். பொய் சொல்வதில் எங்களுக்குள் இருந்த ஒற்றுமை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அவாளுக்குக் கடல் தெரியணும், அல்லே?" என்று அவர் என்னைக் கேட்பார். "தெரிஞ்சா நல்லது. ஆனா அவளுக்கு சத்தம் ஆகாது" என்று நான் இல்லாத ஒருத்திக்காகக் கவலைப்படுவேன்.

சங்குமுகம் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டல். முழுக்கக் கண்ணாடி. படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவிலும் கண்ணாடிதான். காட்ட வந்த பையன் பொத்தானை அழுத்தித் திரையை இறக்கியும் ஏற்றியும் காட்டினான். வெளியே வந்ததும் அவர், "இதுலே குளிக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. நாற்பத்தாறு வயதில்.

கவடியாரில் ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்திருந்தார்கள். வரவேற்பறையில் ஒரு ஆட்டுக்கல்லைப் பீடத்தில் ஏற்றி, மேலிருந்து விளக்குப் போட்டிருந்தார்கள். மாங்காய் உப்பிலிடும் பரணியில், அந்தப் பீங்கான் ஜாடியில், காய்ந்த புல் செருகியிருந்தது. எங்கள் வீட்டுப் பரணியை அன்று காலைதான் நான் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தேன். இங்கே வந்து தங்கினால் வேலை செய்யும் இடத்துக்கே திரும்பி வந்ததுபோல இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் அறைக்குள் சுவரை விரல்மூட்டால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டொப்பு டொப்பென்று உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம் கேட்டது. "பலகை. தடுப்பு வெச்சிருக்கான். பக்கத்து ரூம்லே தும்மினா கேக்கும்" என்றார். போன இடமெல்லாம் அவர் சுவரைத் தட்டியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியாகப் பார்த்தது வழுதக்காட்டில். முன்பு ஒரு டாக்டரின் வீடாம். ஆறே அறைகள். செம்பாறை வெட்டுகல் சுவர், இரண்டடி கனம். சாம்பல் நிறத் தரை, தாழ்வான மரக்கட்டில், ஒரு நீண்ட ஜன்னல், ஜன்னல் நிறைய ஒரு பலா. அறையில் வேண்டாத பொருள் ஒன்றுகூட இல்லை. அவர் சுவரைத் தட்டினார். சத்தமே வரவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலண்டை நின்றார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "இதுதான்" என்றோம்.

பதிவு செய்யும் படிவத்தில், என்ன விசேஷம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் மேலே போக முடியவில்லை. தேனிலவு, திருமண நாள், பிறந்த நாள், அலுவல். "என்ன போடட்டும்?" என்றார். "எதையாவது போடுங்கோ" என்றேன். திருமண நாளைத் தேர்ந்தெடுத்தார்.

உள்ளூர் ஹோட்டலில் தங்கப் போகிறோம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் தெருவில் கொச்சிக்குப் போகிறோம் என்று சொன்னோம். மாமனாரிடமும் அப்படித்தான். நான் ஒரு புதுப்புடவை வாங்கினேன், மாம்பழ மஞ்சள். அவர் புதுச் செருப்பு வாங்கினார். பெட்டியோடு டாக்ஸியில் தம்பானூர் ரயில் நிலையம்வரை போய், அங்கே இறங்கி, வேறு ஆட்டோ பிடித்து வழுதக்காட்டுக்குப் போனோம். வீட்டிலிருந்து நேராகப் போனால் இருபது நிமிடம்.

வாசலிலேயே ஒரு பெண் எங்கள் இருவர் கழுத்திலும் முல்லை மாலை போட்டாள். மேனேஜர் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். அறைக்குள் போனால் கட்டில் முழுக்க ரோஜா இதழ். இரண்டு துண்டுகளை அன்னம்போல் மடித்து, அலகோடு அலகு ஒட்டி வைத்திருந்தார்கள். மேஜையில் ஒரு சின்ன கேக். அறையைச் சரிசெய்து முடித்துக் கதவோரம் நின்றிருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, நீங்க தமிழாக்கும்? எனக்கு வள்ளியூர் பக்கம். எத்தன வருசம் ஆச்சும்மா கல்யாணமாயி?"

"பத்தொம்பது."

"நல்லா இருப்பீய. பூவெல்லாம் நாந்தான் ஆஞ்சு போட்டேன். காம்பு குத்தாம இருக்கணுமேன்னு ஒவ்வொண்ணாப் பாத்துப் போட்டது."

என் கணவர் அவளுக்கு நன்றி சொன்னார். அவள் போனதும் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். இதழ்களை எங்கே தள்ளுவது என்று தெரியவில்லை. கடைசியில் நான் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தேன், அவர் வழித்து வழித்துப் போட்டார். அன்னங்களைப் பிரித்து மடித்து அலமாரியில் வைத்தேன்.

சாப்பிட்டு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி இருக்கும். அவர் நாற்காலியிலும் நான் கட்டில் விளிம்பிலுமாக உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தம்கூட உள்ளே மெல்லத்தான் கேட்டது. அவர் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு. என்ன வேணும்னாலும் சொல்லு. சத்தம் போட்டுச் சொல்லு. இங்கே யாருக்கும் கேக்காது."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. இரண்டு வாரமாக ஹோட்டல் பார்த்த உற்சாகத்துக்கு அடியிலும் அதைத்தான் கோத்துக்கொண்டு வந்தேன். எதில் ஆரம்பிப்பது என்பதைக்கூட முடிவு செய்திருந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. மதுரையில் கிளை மேலாளர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்ததை வீட்டில் சொல்லவில்லை. அவரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

அதைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. அதே தணிந்த குரல். உயர்த்தலாம் என்று பார்த்தேன், உயரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலத்தான் வந்தது.

"தெரியும்" என்றார் அவர். அவர் குரலும் அப்படியே. "உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் அப்பவே சொன்னார்."

"பின்னே ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நீ போறேன்னு சொல்லிடுவியோன்னு. கேக்காட்டா அது அப்படியே இருந்துடுமே."

"நான் எவ்வளவு அழுதேன்னு தெரியுமா?"

"தெரியும். அடுக்களைலே குழாயைத் திறந்து விட்டுண்டு அழுவாய். தண்ணி பில் கூடுதலா வரும் அந்த மாசம்." சிரிக்கப் பார்த்தார். பிறகு, "தப்புதான். நான் பண்ணினது தப்பு" என்றார்.

நான் காத்திருந்தேன். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வர வேண்டும், அழுகையாவது வர வேண்டும். ஒன்பது வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். அது வந்து அறையில் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ தெரிந்த பெண்ணுக்கு நடந்ததை யாரோ ஒப்புக்கொண்டதுபோல இருந்தது.

"நீங்க சொல்லுங்கோ" என்றேன்.

அவர் கேட்டார். "நீ என்கிட்டே ஏதாவது வேணும்னு கேட்டது கடைசியா எப்போ? ஓர்மை இருக்கா? நானும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு ஓர்மை வரலை. ஆரம்பத்துலே அது மனசுக்கு வருத்தமா இருந்தது. அப்புறம் சௌகரியமாப் போச்சு."

"எனக்கும்தான்" என்றேன்.

"சத்தம் போட்டுப் பாக்கலாமா? வெறுதே, சும்மா?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேட்கும்போது அவர் முகம் பரிதாபமாக இருந்தது. நான் சரி என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் கத்தவில்லை. எதற்காகக் கத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நல்ல கட்டில், நல்ல ஜன்னல், மழையில் பலா இலைகள் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் பத்தொன்பது வருடத்துக் கணக்கும் பேசி முடிந்திருந்தது.

கேக்கைத் தொடாமல் விட்டால் அந்த வள்ளியூர்ப் பெண்ணுக்கு வருத்தமாக இருக்கும் என்று ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். பிறகு அவர் குளியலறையில் ஷவரின் திருகு இறுகியிருப்பதாகச் சொல்லி அதைச் சரிசெய்யப் போனார். நான் மஞ்சள் புடவையை எடுத்து, உடுத்தாமல் திரும்பப் பெட்டியில் வைத்தேன். தோட்டத்தில் எங்களுக்காகத் தனியாக ஒரு மேஜை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஊரில் பழைய குழாய்களை மாற்றுவதில் உள்ள சங்கடங்களை அவர் சொல்லச் சொல்லக் கேட்டபடி சாப்பிட்டேன். நன்றாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை எழுந்ததுமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், பல் தேய்த்ததும் பெட்டியைத் திறந்து சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டு, "நாளைக்குச் சாயங்கால வண்டிலேதானே வறோம்னு சொல்லியிருக்கோம்" என்றார். ஒரு நாள் முன்னால் போனால் தெருவில் கேட்பார்கள். மாமனார் கேட்பார். கொச்சியில் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இருந்தோம். வண்டி வரும்வரை காத்திருப்பவர்களைப்போல அந்த அழகான அறையில் இருந்தோம். அவர் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தார். நான் தூங்கினேன், எழுந்தேன், மறுபடி தூங்கினேன்.

பகலில் அந்தப் பெண் படுக்கை விரிப்பு மாற்ற வந்தாள். என் கணவர் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். அவளுடைய கணவன் கழக்கூட்டத்தில் கட்டட வேலையில் இருக்கிறானாம். அவள் இங்கே வேலைக்காரப் பெண்களோடு ஒரு வீட்டில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக ஊருக்குப் போவார்களாம், பிள்ளைகளைப் பார்க்க.

"பஸ்ஸுல தாம்மா நாங்க பேசிக்கிறது. அதுலயும் அவுக தூங்கிருவாக" என்று சிரித்தாள். "இப்படி ரெண்டு நாளு ஒரு ரூம்பு கெடச்சா, நான்லாம் பேசிப் பேசியே அவுகள ஒரு வழி பண்ணிருவேன். நீங்க நல்லாப் பேசுனீயளா?"

"பேசினோம்" என்றேன்.

அவள் தலையணையைத் தட்டிச் சீராக்கி வைத்தாள். உறையில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பானூர் போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்து, கொச்சியிலிருந்து திரும்பியவர்களாக வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று, "எப்படி இருந்தது கொச்சி?" என்றாள். "சுகமா இருந்தது மாமி. ஹோட்டல் ரொம்ப நன்னாருந்தது" என்றார் அவர். அன்றைக்கு நாங்கள் இருவரும் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

ஆலோசனை சொன்ன அம்மாள் அடுத்த முறை ஆவலாகக் கேட்டார். போனோம், பேசினோம் என்றோம். கோபம் ஏதாவது வெளியே வந்ததா என்றார். இல்லை என்றோம். அவர் கோப்பில் இரண்டு வரி எழுதி எங்கள் பக்கம் திருப்பினார், கையெழுத்துப் போட்டோம். ஆறு மாதம் கழிந்து நீதிபதி முன்னால் நின்றபோது அது ஐந்து நிமிட வேலையாக இருந்தது. வெளியே வந்ததும் என்னை ஆட்டோவில் எங்கே இறக்கிவிட வேண்டும் என்று அவர் கேட்டார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். பஸ் வரும்வரை கூட நின்றார்.

இப்போது நான் பேட்டையில் ஒரு ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மாமனாரிடம் எனக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றல் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் என் கணவர், அப்படித்தான் இன்னும் வாயில் வருகிறது, ஒரு மெசேஜ் அனுப்பினார். அப்பா உன்னை விசாரிக்கறார், முடிஞ்சா ஒரு நடை வா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மருந்து வாங்கப் பழவங்காடிக்குப் போயிருந்தார். மாமனார் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், முகம் இன்னும் சிறுத்திருந்தது. ஹோம் நர்ஸ் காப்பி கொண்டுவந்து தந்தாள். எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டாள், வேண்டாம் என்றேன். முக்கால் மணி நேரம் கட்டிலண்டை உட்கார்ந்திருந்தேன். அவர் எழவில்லை. டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.